வரைபடம் இல்லாமல் வழி கண்டுபிடிக்கும் வைஃபை

பூங்காவில் உட்கார்ந்து போனைத் திறக்கிறீர்கள். கடவுச்சொல் கேட்காத ஒரு வைஃபை தெரிகிறது. தொட்டால் இணையம் வந்துவிடுகிறது. ஆனால் பக்கத்தில் எங்கும் இணையக் கேபிள் இல்லை. உங்கள் தரவு நான்கு வீட்டு மாடிகளைத் தாண்டிப் போய், ஐந்தாவது வீட்டின் மாடியில்தான் கேபிளில் இறங்குகிறது. அந்த வீடுகள் ஐந்து பேருடையவை, நடுவில் நிறுவனம் எதுவும் கிடையாது. எந்த மாடிக்கு அடுத்து எந்த மாடி என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

யாரும் சொல்லவில்லை. ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று தரவைக் கைமாற்றிவிடும் மெஷ் வலையமைப்பின் சுவாரசியமே அதுதான்.

வீட்டில் இருக்கும் சாதாரண வைஃபை ரவுட்டர், கேபிளின் கடைசி முனை. போன்களோடு மட்டுமே பேசும். அதன் மென்பொருளை மாற்றினால் பக்கத்து ரவுட்டரோடும் பேச வைக்கலாம். 2003இல் லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் ஒரு ரவுட்டருக்கான மூல நிரல் பொதுவெளிக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதிலிருந்து ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் பிறந்தது. மலிவான பெட்டிகளை வைத்துத் தன்னார்வலர்கள் ஊர் முழுக்க வலை பின்ன அது பெரிய உதவியாக இருந்தது.

சரி, வழிக்கு வருவோம். ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்த ரவுட்டருக்குப் போவது ஒரு தாவல். குறைந்த தாவல்கள் உள்ள பாதையே நல்ல பாதை என்றுதான் முதலில் தோன்றும். கம்பியில் அது சரி, காற்றில் சரிப்படாது. தாவல் குறைய வேண்டுமென்றால் ஒவ்வொரு தாவலும் நீளமாக இருக்க வேண்டும். நீளமான தாவலில் சிக்னல் பலவீனமாக இருக்கும். தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். ஒரு நீண்ட தாவலில் பாதிப் பொட்டலங்கள்தான் போய்ச் சேருகின்றன, 'கிடைத்தது' என்ற பதிலிலும் பாதிதான் திரும்பி வருகிறது என்று வையுங்கள். ஒரு பொட்டலத்துக்குச் சராசரியாக நான்கு முறை அனுப்ப வேண்டும். அதே தூரத்தை இரண்டு குட்டித் தாவல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் போக்குக்கும் வரவுக்கும் 90 சதவீத வெற்றி கிடைத்தால், மொத்தம் இரண்டரை முறை போதும். சுற்றிப் போவதே லாபம். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2003இல் முன்வைத்த அளவுகோல் இதுதான்: தாவல்களை எண்ணாதே, முயற்சிகளை எண்ணு.

பெர்லினில் ஃப்ரைஃபுங்க் என்ற சமூக வைஃபை இயக்கத்தின் தன்னார்வலர்களுக்கு வேறொரு தலைவலி வந்தது. அவர்கள் முதலில் பயன்படுத்திய முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் முழு வலையின் வரைபடத்தையும் நினைவில் வைத்திருக்கும். கணுக்கள், அதாவது வலையில் உள்ள ரவுட்டர்கள், சில நூறைத் தொட்டதும், வரைபடத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிடுவதிலேயே அந்தச் சின்னச் செயலிகள் திணறின. அதனால் வரைபடத்தையே தூக்கிப் போட்டார்கள். அப்படி உருவான முறையின் பெயர், நம்புங்கள், பேட்மேன். 2011 முதல் அது லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே இருக்கிறது.

இதில் ஒவ்வொரு கணுவும் நொடிக்கு ஒரு முறை 'நான் இருக்கிறேன்' என்று கூவும். கேட்ட கணு அதைத் திருப்பிக் கூவும். தூரத்தில் இருக்கும் ஒரு மாடியின் கூவல், எந்தப் பக்கத்து வீட்டின் வழியாக அதிகம் தவறாமல் வந்து சேருகிறதோ, அந்த மாடிக்குப் போக வேண்டிய திசையும் அதுவே. முழு வழி யாருக்கும் தெரியாது. 'அந்தப் பக்கம் போங்க, அங்க யாரையாவது கேளுங்க' என்று சொல்லும் தெருக்காரர் போலத்தான் ஒவ்வொரு ரவுட்டரும். மோசமான இணைப்பில் கூவலும் தொலைந்துபோகும் என்பதால், தரத்தை அளக்கத் தனி ஏற்பாடு தேவையில்லை.

ஒரு மாடியில் மின்சாரம் போனால் அங்கிருந்து வரும் கூவல் நின்றுவிடும். சில நொடிகளில் மற்றவை வேறு திசைக்குத் திரும்பிக்கொள்ளும். 2012இல் சாண்டி சூறாவளி நியூயார்க்கைத் தாக்கியபோது, ரெட் ஹுக் பகுதியில் சில கணுக்களே கொண்ட ஒரு சமூக மெஷ் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு தன் செயற்கைக்கோள் இணைப்பை அதில் கொண்டுவந்து செருகியது. மெஷ்ஷைப் பொறுத்தவரை அது இணையத்துக்குப் போக, புதிதாகக் கூவத் தொடங்கிய இன்னொரு வாசல், அவ்வளவுதான்.

இவ்வளவு அழகான ஏற்பாடு ஏன் ஊருக்கு ஊர் இல்லை? காற்று ஒன்றுதான் என்பதால். ஒரே சேனலில் ஒரு கணு பேசும்போது அதன் அக்கம்பக்கம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரே ரேடியோவால் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. இரண்டு தாவல் என்றால் வேகம் பாதி, மூன்று என்றால் மூன்றில் ஒரு பங்கு. எம்ஐடியின் 37 கணுக்கள் கொண்ட ரூஃப்நெட் வலையில் 2005இல் அளந்தபோது சராசரி வேகம் நொடிக்கு 627 கிலோபிட். அன்றைக்கு அது பரவாயில்லை, இன்றைக்கு ஒரு வீடியோவுக்கே இழுக்கும்.

அதனால் பெரிய வலைகள் உண்மையில் கலவைதான். மாடிக்கு மாடி, தட்டு ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று குறிபார்த்து 5 கிகாஹெர்ட்ஸில் தனியாகப் பேசும். தெருவுக்கான வைஃபையை வேறு ரேடியோ பார்த்துக்கொள்ளும். கண்ணுக்கு எதிர் மாடி தெரிந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 5 கிலோமீட்டர் இணைப்புக்கு, நடுவழியில் பார்வைக்கோட்டைச் சுற்றிக் கிட்டத்தட்ட 9 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவிச் செல்கிறது. அதில் பெரும்பகுதி காலியாக இருக்க வேண்டும். இலை விடாத மாதங்களில் நன்றாக ஓடிய இணைப்பு, மரம் தழைத்ததும் படுத்துவிடும். இலைக்குள் இருக்கும் தண்ணீர் அலையை விழுங்கிவிடுகிறது.

அப்புறம், 'இலவசம்' என்ற வார்த்தை. கேபிள் இணைப்புக்கு யாரோ ஒருவர் பணம் கட்டியே ஆக வேண்டும். வலைக்குள் இலவசமாக ஓடுவது மற்றவர் தரவைக் கடத்திவிடும் வேலைதான். உன் பொட்டலத்தை நான் காசு வாங்காமல், தொட்டுப் பார்க்காமல் அனுப்புகிறேன், என் பொட்டலத்தை நீயும் அப்படியே அனுப்பு என்பதே ஒப்பந்தம். ஜெர்மனியில் இதற்குச் சட்டச் சிக்கலும் இருந்தது. திறந்த வைஃபையில் வழிப்போக்கர் செய்யும் பதிப்புரிமை மீறலுக்கு வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனவே ஃப்ரைஃபுங்க் குழுக்கள் தரவை, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கிய சுரங்கம் போன்ற இணைப்பு வழியே தங்கள் சர்வருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வெளியே விட்டன. வெளியே வீட்டுக்காரரின் இணைய முகவரி தெரியாது. 2017இல் சட்டம் தளர்த்தப்பட்டது.

கடவுச்சொல் இல்லாத வைஃபையில் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே பொதுவாக மறையாக்கம் இருக்காது. முகவரி https என்று தொடங்காத தளங்களில் எதையும் தட்டாமல் இருப்பது நல்லது.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004இல் தொடங்கிய குய்ஃபி நெட் என்ற சமூக வலை, கிராமங்களை ஆன்டெனாக்களால் இணைத்து, முப்பதாயிரத்துக்கும் அதிகமான கணுக்களாக வளர்ந்தது. காற்றில் இடம் போதவில்லை என்று தெரிந்ததும், 2009இல் அந்த ஆட்களே ஃபைபர் கேபிள் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.