உத்வேகம் அல்ல, தூண்டல்

எழுத்தாளர் நேர்காணல்களில் தவறாமல் வரும் கேள்வி: ‘இந்த நாவலுக்கு உங்கள் உத்வேகம் எது?’ கேட்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது கதை எங்கிருந்து முளைத்தது என்பதை. கேட்டுவிடுவதோ எழுதும் வேகம் எங்கிருந்து வந்தது என்பதை. ஆங்கிலத்தில் இன்ஸ்பிரேஷன் என்று கண்டதும் கை தானாக உத்வேகம் என்று எழுதிவிடுகிறது. இந்தப் பழக்கம் போக வேண்டும்.

இன்ஸ்பிரேஷனின் வேர் லத்தீன். உள்ளே மூச்சை ஊதுவது என்பது நேர்ப்பொருள். உடலியல் பாடத்தில் இதே சொல்தான் உட்சுவாசம் ஆகிறது. தெய்வம் மனிதனுக்குள் ஊதிய மூச்சு என்ற சமயப் பொருள் முதலில் வந்தது, கவிஞர்களுக்கும் கதைக்காரர்களுக்கும் அது பிறகு இறங்கியது. பைபிளைத் தமிழாக்கியவர்கள் இதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். ‘வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது’ என்பது அவர்கள் வாக்கு. அருளப்பட்டது என்னும்போது கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர் என்பது தெளிவாக நிற்கிறது.

உத்வேகத்தில் அந்தத் தெளிவு இல்லை. வடமொழியில் அச்சொல்லுக்குக் கலக்கம், பதற்றம் என்று பொருள். கீதையின் 12ஆம் அத்தியாயத்தில் அச்சத்தோடு சேர்த்து உத்வேகமும் விட்டொழிக்க வேண்டியவற்றின் வரிசையில் வருகிறது. சரி, சொற்களின் பொருள் மாறுவது இயல்புதான். நறுமணத்தைக் குறித்த நாற்றம் இன்று என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் வடசொல் என்றோ பழைய பொருள் வேறு என்றோ நான் இதை ஒதுக்கவில்லை. இன்றைய தமிழில் அது என்ன பொருள் தருகிறது என்பதே என் கவலை. ‘இடைவேளைக்குப் பிறகு அணி புதிய உத்வேகத்துடன் ஆடியது’ என்று விளையாட்டுப் பக்கத்தில் எழுதுகிறோம். அங்கே அது மிகச் சரியான சொல். முனைப்பு, விசை, ஊக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. கதை பிறந்த இடம் மட்டும் அதில் இல்லை.

ரஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாயை எடுத்துக்கொள்வோம். 1872 ஜனவரியில் அவர் வீட்டுக்கு அருகிலிருந்த ரயில் நிலையத்தில் அன்னா பிரகோவா என்ற பெண் சரக்கு ரயிலின் முன் விழுந்து இறந்தாள். டால்ஸ்டாய் போய் அந்த உடலைப் பார்த்தார். ஆனால் உடனே எழுத உட்காரவில்லை. ஓராண்டுக்கு மேல் கழிந்து, 1873 மார்ச்சில், ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் முற்றுப்பெறாத உரைநடைத் துண்டு ஒன்றைப் படித்தார். விருந்தினர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று, முன்னுரை ஏதுமின்றி நேராகக் காட்சிக்குள் நுழையும் தொடக்கம் அது. அதன் பிறகுதான், நாயகி ரயில் முன் விழுந்து இறக்கும் ‘அன்னா கரேனினா’ நாவல் தொடங்கியது. ரயிலடிச் சாவு கதைக்கு வித்து, புஷ்கினின் துண்டு எழுதத் தூண்டியது. இவற்றில் எதை உத்வேகம் என்பது? இறந்த பெண்ணின் உடலைப் பார்த்து ஒருவர் ‘உத்வேகம் பெற்றார்’ என்று எழுதினால் படிக்கிறவர் முகம் சுளிக்க மாட்டாரா? அந்தச் சாவு அவரை உலுக்கியது. உலுக்கியது என்றே எழுதலாமே.

தூண்டல் என்ற சொல் எவ்வளவு அழகானது என்பதை நாம் மறந்துவிட்டோம். விளக்குத் திரியை முன்னே தள்ளிச் சுடரைப் பெருக்குவதுதான் தூண்டுதல். அதற்கு உதவும் சின்னக் குச்சி தூண்டுகோல். ‘தூண்டு சுடரனைய சோதி’ என்று அப்பர் பாடுவது இந்தச் சுடரைத்தான். எண்ணெய் இருக்கிறது, திரி இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. வெளியிலிருந்து ஒன்று வந்து லேசாகத் தள்ளுகிறது. புனைகதை எழுதுகிறவருக்கு நடப்பது இதுதான். பேருந்தில் காதில் விழுந்த ஒரு வாக்கியம், பழைய புகைப்படத்தில் பாதி வெட்டப்பட்ட ஒரு முகம், யாரோ சொல்லாமல் விழுங்கிய ஒரு பதில். அவருக்குள் பல வருடமாகக் கிடந்த ஏதோ ஒன்றை அது தொடுகிறது.

தூண்டல் என்பது அறிவியலில் புலன் தூண்டலுக்கும், சட்டத்தில் குற்றம் செய்யத் தூண்டுவதற்கும் போய்விட்டதே என்பார்கள். போகட்டும். ‘எழுதத் தூண்டியது’ என்றால் எவரும் குழம்பப்போவதில்லை. பெயர்ச்சொல்லாகத் தனியே நிற்க வேண்டிய இடத்தில் அகத்தூண்டல் என்று எழுதலாம். இலங்கை எழுத்தாளர்களிடம் அருட்டுணர்வு என்ற சொல் புழங்குகிறது. உறங்குகிறவரை உலுக்கி எழுப்புவது அருட்டுதல். மருள் மருட்டு ஆவது போல, வெருள் வெருட்டு ஆவது போல வந்த சொல். எனக்கு இதன் மேல் பெரிய ஆசை உண்டு. தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு விளக்கம் தேவைப்படும் என்பதால்தான் இதை முதலில் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் வேறொன்று. ஒரு நாவலின் கதையை அப்படியே எடுத்துப் பாத்திரங்களின் பெயரை மாற்றிவிட்டு, ‘அந்த நாவலிலிருந்து உத்வேகம் பெற்றது’ என்று அறிவிக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்களும் செய்தி எழுதுகிறவர்களும் அதை அப்படியே வழிமொழிகிறார்கள். நன்னூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூலை மூன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. எது எதிலிருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்று சொல்ல அன்றே இலக்கணம் இருந்தது. கதையை எடுத்துக் கையாண்டால் அது தழுவல். படித்த கதை வேறொரு கதையை எழுதவைத்தால் தூண்டல். ஒரு எழுத்தாளரின் நடை இன்னொருவரிடம் தெரிந்தால் தாக்கம். மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கும்போது, மூன்றின் மேலும் உத்வேகத்தைப் போர்த்துவது, யார் யாரிடமிருந்து எதை எடுத்தார் என்பதை மறைப்பதற்குத்தான் உதவுகிறது.