ஆறு டம்ளர்களும் ஒரு கால்பந்து லீகும்

இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக் அட்டவணை வெளியான மறுநாளே திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர் கோபமாக எழுதியிருந்தார். அவர் அபிமான அணிக்கு அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் வெளியூரிலாம். “இதையெல்லாம் யார் சார் போடுறது? கம்ப்யூட்டரா, இல்ல எவனாவது காசு வாங்கிட்டுப் போடுறானா?”

கம்ப்யூட்டர்தான் போடுகிறது. ஆனால் அவருடைய கோபத்துக்குக் காரணமான அந்த இரண்டு ஆட்டங்களைக் கம்ப்யூட்டராலும் தவிர்க்க முடியாது. ஏன் என்று சொல்ல 1888க்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தில் கால்பந்து வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று 1885இல் அனுமதி கிடைத்தது. அதன்பிறகு கிளப்களுக்குப் புதுத் தலைவலி. சம்பளம் வாராவாரம் கொடுக்க வேண்டும். டிக்கெட் வசூலோ வாராவாரம் வராது. கோப்பைப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றால் அதோடு சரி. நட்பு ஆட்டம் என்று நாள் குறித்திருந்தால், எதிரணி வேறு ஊரில் நல்ல வசூல் வரும் என்று தெரிந்து கடைசி நேரத்தில் கைவிரித்துவிடும். பர்மிங்காமில் ஜவுளிக்கடை வைத்திருந்த வில்லியம் மெக்ரெகர் ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகிகளில் ஒருவர். 1888 மார்ச் 2ஆம் தேதி அவர் சில கிளப்களுக்குக் கடிதம் எழுதினார். பத்துப் பன்னிரண்டு பெரிய கிளப்கள் சேர்ந்து, ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று முன்கூட்டியே நாள் குறித்து ஆடினால் என்ன என்பதுதான் அவர் கேட்டது. கடைக்காரர் புத்தி. அவருக்கு வேண்டியிருந்தது நிச்சயமான வியாபார நாள்.

ஏப்ரல் 17இல் மான்செஸ்டரில் லீக் முறைப்படி உருவானது. சேர விரும்பிய கிளப்கள் பன்னிரண்டுக்கு மேல் இருந்தன. ஆனால் கோப்பை ஆட்டங்கள் போக மீதி கிடைத்த நாட்கள் 22தான். ஓர் அணி மற்ற 11 அணிகளுடன் இரண்டிரண்டு முறை ஆடினால் 22. ஆக, 12 அணிகளோடு கதவை மூடினார்கள். நாட்டிங்காம் ஃபாரஸ்ட் வெளியே நின்றது. செப்டம்பர் 8இல் முதல் ஆட்டங்கள் நடந்தன. வேடிக்கை என்னவென்றால், ஒரு வெற்றிக்கு எத்தனை புள்ளி என்பதை நவம்பரில்தான் முடிவு செய்தார்கள்! வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. பிரெஸ்டன் நார்த் எண்ட் 18 வெற்றி, 4 டிரா, தோல்வியே இல்லாமல் 40 புள்ளிகளோடு முதல் பட்டத்தை எடுத்துக்கொண்டது.

மற்ற வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான். 1892இல் இரண்டாம் டிவிஷன், 1981இல் வெற்றிக்கு 3 புள்ளி, 1992இல் மேல்தட்டு கிளப்கள் பிரிந்துபோய் பிரீமியர் லீக். எனக்கு ஆசையான இடம் அட்டவணை. அது பார்ப்பதற்குச் சும்மா ஒரு பட்டியல். உட்கார்ந்து போட்டுப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

நான் போட்டுப் பார்த்துச் சூடுபட்டவன். எங்கள் குடியிருப்பில் கேரம் லீக் வைத்தோம். ஏ பிளாக்கில் மூன்று அணி, பி பிளாக்கில் மூன்று அணி. ஆறு அணி, 15 ஆட்டம், வாரத்துக்கு மூன்று ஆட்டம், ஐந்து வாரத்தில் முடிந்துவிடும் என்று நானே பொறுப்பை ஏற்றேன். முதல் மூன்று வாரம் ஏ பிளாக்கும் பி பிளாக்கும் மோதட்டும், சுவாரசியமாக இருக்கும் என்று போட்டேன். நான்காவது வாரம் மாட்டிக்கொண்டேன். ஏ பிளாக் அணிகளுக்கு மிச்சம் இருந்தது தங்களுக்குள் ஆட வேண்டிய ஆட்டம் மட்டும். மூன்று பேரில் இருவர் ஆடினால் ஒருவர் சும்மா உட்கார வேண்டும். பி பிளாக்கிலும் அதே கதை. வாரம் மூன்று நடக்க வேண்டிய ஆட்டம் இரண்டானது, லீக் ஆறு வாரம் இழுத்தது. முதல் மூன்று வாரமும் ஒரு தவறும் இல்லாத அட்டவணை! வரப்போகும் முட்டுச்சந்து அதில் கண்ணுக்கே தெரியவில்லை.

இதற்கு அழகான ஒரு மருந்து உண்டு. அடுக்களையிலிருந்து ஆறு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நடுவில் வையுங்கள், அது பிரெஸ்டன். மற்ற ஐந்தைச் சுற்றிலும் சம இடைவெளியில் வட்டமாக வையுங்கள்: வில்லா, எவர்ட்டன், பர்ன்லி, ஸ்டோக், டெர்பி. இப்போது நடுவிலிருந்து வில்லாவை நோக்கி ஒரு கரண்டிக் காம்பை வையுங்கள். முதல் வாரம் பிரெஸ்டனுக்கு வில்லா. காம்புக்குக் குறுக்கே, இரு பக்கமும் நேருக்கு நேர் நிற்பவர்கள் ஜோடி: எவர்ட்டனும் டெர்பியும், பர்ன்லியும் ஸ்டோக்கும். அடுத்த வாரம் காம்பை எவர்ட்டன் பக்கம் திருப்புங்கள். பிரெஸ்டன்–எவர்ட்டன், வில்லா–பர்ன்லி, டெர்பி–ஸ்டோக். இப்படியே ஐந்து முறை திருப்பினால் 15 ஆட்டமும் முடிந்துவிடும். ஒரு ஜோடிகூட இரண்டாவது முறை வராது.

ஏன் வராது? பள்ளிக்கூட வடிவியல் போதும். வட்டத்தில் ஏதாவது இரண்டு டம்ளர்களை மனதில் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டைச் செங்குத்தாக இரண்டாக வெட்டும் நேர்கோடு வட்டத்தின் மையம் வழியாகத்தான் போகும். வட்டத்தில் இருப்பவை ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால், அந்த நேர்கோடு சரியாக ஒரே ஒரு டம்ளரைத் தொடும். காம்பு அந்த டம்ளரைக் காட்டும் வாரம்தான் அந்த இருவரும் சந்திக்கும் வாரம். வேறு வாரமே கிடையாது. 12 அணி என்றால் வட்டத்தில் 11, இருபது என்றால் 19. கதை மாறாது.

இந்த முறையைச் சொல்லும்போது கணிதக்காரர்கள் தாமஸ் கர்க்மனின் 1847ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைவுகூர்வார்கள். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. வாரிங்டன் அருகே கிராஃப்ட் என்ற சிற்றூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் தேவாலயப் பாதிரியார். முதல் லீகின் 12 அணிகளில் ஒன்றான போல்ட்டனின் ஊர் அங்கிருந்து குதிரை வண்டித் தூரம்தான். யார் யாரோடு எத்தனை முறை சேரலாம் என்று அவர் போட்டுப் பார்த்த கணக்குகளை அன்று பொழுதுபோக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டுப் போனால் முதல் கேள்வி “இதனால் உடனடிப் பயன் என்ன?” என்பதுதான். கர்க்மனிடம் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? கால்பந்து லீக் வருவதற்கே இன்னும் 41 ஆண்டுகள் இருந்தன.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பெர்கர் அட்டவணையைச் சதுரங்கக்காரர்கள் நன்றாக அறிவார்கள். 2024இல் டொரன்டோவில் குகேஷ் வென்ற கேண்டிடேட்ஸ் போட்டியும் இப்படி எட்டுப் பேர், ஒவ்வொருவரும் மற்றவரோடு இரண்டு முறை.

சரி, வாசகரின் கோபத்துக்கு வருவோம். சொந்த ஊர், வெளியூர், சொந்த ஊர், வெளியூர் என்று மாறி மாறி வந்தால் யாருக்கும் குறை இல்லை. எல்லா அணிக்கும் அப்படிப் போட முடியுமா? முடியாது. பிசகாமல் மாறி மாறி வரும் வரிசைகள் இரண்டே இரண்டு: சொந்த ஊரில் தொடங்குவது ஒன்று, வெளியூரில் தொடங்குவது ஒன்று. இரண்டு அணிகளுக்கு ஒரே வரிசை இருக்கவும் கூடாது. இருந்தால், ஒருவர் சொந்த ஊரில் ஆடும் நாளெல்லாம் மற்றவரும் சொந்த ஊரில்தான் ஆடுவார். அப்புறம் இருவரும் எங்கே சந்திப்பது? ஆக, இரண்டு அணி மட்டும் தப்பிக்கும். 20 அணி லீகில் எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஆடும் ஒரு சுற்றில், மீதி 18 அணிகளுக்கும் எங்கேயாவது ஓரிடத்தில் அடுத்தடுத்து ஒரே வகை ஆட்டம் வந்தே தீரும். இதை 1981இல் சுவிஸ் கணிதக்காரர் தொமினிக் தெ வெரா எழுதி வைத்தார். 18க்கு மேல் போகாமலும் போட முடியும் என்று காட்டினார். திண்டுக்கல்காரர் அணி அந்த 18இல் ஒன்று. இதில் சூழ்ச்சியும் இல்லை, சனிப்பெயர்ச்சியும் இல்லை.

அதற்குள் இன்னொரு பரிசு ஒளிந்திருக்கிறது. குறைந்தபட்சப் பிசகோடு போட்ட அட்டவணையில், ஒரே வாரத்தில் பிசகும் அணிகள் இரண்டிரண்டாக வரும். ஒன்றுக்கு அடுத்தடுத்து சொந்த ஊர் என்றால் மற்றதற்கு அடுத்தடுத்து வெளியூர். அந்த இரண்டும் ஒரே நாளில் சொந்த ஊரில் ஆடவே ஆடாது. லிவர்பூலும் எவர்ட்டனும் ஒரே நகரத்துக் கிளப்கள். இரண்டும் ஒரே நாளில் அங்கே ஆடினால் போக்குவரத்தும் போலீஸும் திணறிப்போகும். அந்த ஜோடி இடத்தில் இவர்களை உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மிச்சப் பாதிக்குத்தான் கம்ப்யூட்டர். கோப்பை ஆட்டம், ஐரோப்பிய ஆட்டம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ரசிகர்களின் பயணத் தூரம் என்று நிபந்தனைகள் சேரச் சேரத் தேடும் வேலை பூதாகரமாகிவிடும். பன்னிரண்டே அணிகளுக்கு எல்லோரும் ஒருமுறை மோதும்படி ஜோடி பிரிக்க, அடிப்படையிலேயே வேறுபட்ட வழிகள் 52,69,15,620 இருக்கின்றன. இதை எண்ணி முடித்ததே 1994இல்தான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தவர் ராட்டன்ஸ்டால் ஊர் வக்கீல் சார்ல்ஸ் சட்கிளிஃப். அவருக்குப் பின் அவர் மகன்.

1936இல் இந்தக் காகிதத்தை வைத்து ஒரு போரே நடந்தது. ஆட்ட முடிவைக் கணித்துப் பணம் கட்டும் ‘பூல்ஸ்’ சூதாட்டத்தை ஒழிக்க, லீக் நிர்வாகம் அட்டவணையையே ரகசியமாக்கிவிட்டது. யார் எங்கே ஆடுகிறார்கள் என்று கடைசி நேரம்வரை ரசிகர்களுக்கும் தெரியவில்லை. கூட்டம் குறைந்தது, கிளப்கள் கூச்சல் போட்டன, சில வாரங்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது. 1959இல் லண்டன் நீதிமன்றம் அட்டவணைக்குப் பதிப்புரிமை உண்டு என்றது. 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம், உழைப்பும் திறமையும் மட்டும் போதாது, படைப்பாளியின் சுதந்திரமான தேர்வு அதில் இருக்க வேண்டும் என்றது. நிபந்தனைகள் இவ்வளவு நெருக்கினால் சுதந்திரத்துக்கு ஏது இடம் என்று எனக்கும் தோன்றுகிறது.

இந்த வருஷம் எங்கள் கேரம் லீகில் வாட்ச்மேன் அண்ணன் அணியும் சேர்ந்து ஏழாகிவிட்டது. ஏழு டம்ளரையும் வட்டத்தில் வைத்தேன், நடுவில் ஒன்றும் வைக்கவில்லை. கரண்டிக் காம்பு யாரைக் காட்டுகிறதோ அவர்களுக்கு அந்த வாரம் ஓய்வு. ஏழு வாரத்தில் முடிகிறது.