டி.எஸ்.ஹெச் கூடினால் கருமுட்டை குறையுமா?

குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வரும் பெண்கள் பலரின் கையில் இரண்டு ரிப்போர்ட்டுகள் இருக்கும். ஒன்றில் டி.எஸ்.ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும்) 7 அல்லது 8, மற்றொன்றில் ஏ.எம்.ஹெச் (சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டைகளின் கையிருப்பைக் காட்டும் ஹார்மோன்) 1-க்கும் கீழே. "தைராய்டு சரியானா முட்டையும் கூடிடுமா டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இல்லை, முட்டை கூடிவிடாது. ஆனால் அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. தைராய்டு குறைவு பெரும்பாலும் கெடுப்பது முட்டையின் எண்ணிக்கையை அல்ல, அது மாதாமாதம் முதிர்ந்து வெடித்து வெளிவருவதை. தைராய்டு சுரப்பு குறைந்தால் மூளை அதைத் தட்டியெழுப்பப் பார்க்கும். அந்தத் தூண்டுதலில், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் சேர்ந்து ஏறிவிடும். புரோலாக்டின் ஏறினால் சினைப்பையை இயக்கும் ஹார்மோன்கள் அடங்கிப்போகும். மாதவிலக்கு தள்ளிப்போகும், அல்லது வந்தால் ஏழெட்டு நாள் நிற்காமல் போகும். இங்கே ஒரு தவறு நடக்கிறது: டி.எஸ்.ஹெச் பார்க்காமலே புரோலாக்டினைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். தைராய்டு மிகவும் குறைந்தவர்களுக்கு ஸ்கேனில் சினைப்பை வீங்கி நீர்க்கட்டிகளோடு தெரியலாம். அதற்கு பி.சி.ஓ.டி (சினைப்பை நீர்க்கட்டி நோய்) என்று பெயர் வைத்துவிடுவதும் உண்டு. தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் ஒழுங்காகப் போனால் இவை பெரும்பாலும் தாமாகவே சீராகும்.

ஏ.எம்.ஹெச் கதை வேறு. அது கையிருப்பைக் காட்டும், முட்டையின் தரத்தைக் காட்டாது. தைராய்டைத் தாக்கும் டி.பி.ஓ ஆன்டிபாடி உள்ளவர்களுக்குக் கையிருப்பு குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில அப்படிச் சொல்லவில்லை. எப்படியானாலும் கரைந்த கையிருப்பை மாத்திரை திருப்பித் தராது. ஆகவே வயது 35-ஐத் தாண்டியிருந்தால், "டி.எஸ்.ஹெச் முதலில் இறங்கட்டும்" என்று ஒரு வருடத்தைக் கழிக்காதீர்கள். தைராய்டு சிகிச்சையும் குழந்தைக்கான சிகிச்சையும் சேர்ந்தே நடக்கலாம்.

டி.எஸ்.ஹெச் இயல்பாக இருந்து ஆன்டிபாடி மட்டும் இருப்பவர்களுக்கு 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2019-இல் வெளியானது. குழந்தைப் பேறு கூடவில்லை. அவர்களுக்கு மாத்திரையை விட அவ்வப்போது டி.எஸ்.ஹெச் பார்ப்பதே முக்கியம்.

மாத்திரை எடுப்பவர்களுக்கு, கருத்தரிக்கும் முன் டி.எஸ்.ஹெச் 2.5-க்குக் கீழே இருக்க வேண்டும். டோஸ் கூட்டியும் இறங்காவிட்டால் எடுக்கும் முறையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட வேண்டும். விழுங்கிய ஐந்தாவது நிமிடம் காபி குடித்தால் மருந்து முழுதாக உடம்பில் சேராது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. மாத்திரையை அது வந்த பாட்டிலிலேயே, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். முடி வளர பயோட்டின் எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ரிப்போர்ட் தவறாக வரும். டோஸ் மாற்றினால் 6 வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனை.

கர்ப்பம் உறுதியானதும் தேவை 20 முதல் 30 சதவீதம் ஏறும். அப்போது வாரத்துக்கு 7-க்குப் பதில் 9 மாத்திரை போடலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். பிறகு கர்ப்பத்தின் பாதி வரை 4 வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.ஹெச் பார்க்க வேண்டும். "குழந்தைக்கு ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் சிசுவின் தைராய்டு வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் போய்ச் சேர வேண்டும்.