இழுத்தால் இயல்பே மாறும்

கண்ணாடி ஒரு சதவீதம் நீள்வதற்குள் உடைந்துவிடுகிறது. அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு பலவீனமானது என்பதல்ல காரணம். கண்ணுக்குத் தெரியாத விரிசல்களின் முனையில் தகைவு, அதாவது ஓரலகு பரப்பில் செயல்படும் விசை, குவிந்து, அங்கிருந்து பிளவு ஓடுகிறது. 1920-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் கிரிஃபித் இதை விளக்கினார். கண்ணாடி இழையை மெல்லியதாக்க ஆக்க அதன் வலிமை ஏறியதையும் அவர் அளந்து காட்டினார். பொருள் சிறுத்தால் விரிசலுக்கு இடமில்லை.

இதன் எல்லையைத் தொட்ட சோதனை 2008-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. சிலிக்கான் தகட்டில் ஒரு மைக்ரோமீட்டர் அளவிலான குழிகள். அவற்றின் மேல், முரசின் தோல் போல, ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலமான கிராஃபீன். அதன் நடுவில் அணுவிசை நுண்ணோக்கியின் வைர ஊசியை வைத்து அழுத்தினார்கள். ஊசியைத் தாங்கும் மெல்லிய பட்டை எவ்வளவு வளைகிறது என்பதை அதன் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் கதிர் சொல்லிவிடும். வளைவிலிருந்து விசை கிடைக்கும். கிழியும் தருணத்தில் படலத்தின் திரிபு, அதாவது இழுபட்டு நீளும் விகிதம், சுமார் 25 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இழுப்புக்கு எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதைக் காட்டும் யங் குணகம் எஃகைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு.

வலிமையோடு கதை முடிவதில்லை. அணுக்களின் இடைவெளி மாறினால் எலக்ட்ரான்கள் செல்லும் பாதையும் மாறும். 2003 முதல் கணினிச் சில்லுகளில் சிலிக்கானை வேண்டுமென்றே திரிபுக்கு உள்ளாக்கி, மின்னோட்டத்தை வேகப்படுத்துகிறார்கள்.

என்னை மிகவும் ஈர்ப்பது 2010-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கண்ட விளைவு. பிளாட்டினத்தின் மேல் வளர்த்த கிராஃபீனில் சில நானோமீட்டர் அகலமுள்ள குமிழ்கள் எழுந்தன. அவற்றின் மேல் வருடு ஊடுருவு நுண்ணோக்கியின் (STM) ஊசியை நகர்த்தியபோது, எலக்ட்ரான்களின் ஆற்றல் தனித்தனிப் படிகளாகப் பிரிந்திருந்தது. 300 டெஸ்லாவுக்கும் மேற்பட்ட காந்தப்புலத்தில் இருந்தால்தான் அப்படிப் பிரியும். ஆய்வகங்களில் தொடர்ந்து இயங்கும் மிக வலிமையான காந்தங்களே 45 டெஸ்லா அளவில்தான் நிற்கின்றன. குமிழில் காந்தம் எதுவும் இல்லை, திரிபு மட்டுமே இருந்தது. திசைகாட்டியை அருகில் கொண்டுபோனாலும் முள் அசையாது: கிராஃபீனின் எலக்ட்ரான்கள் இரு வகையாகப் பிரிகின்றன, ஒரு வகைக்கு இந்தப் போலிப் புலம் மேல்நோக்கி இருந்தால் மற்றதற்குக் கீழ்நோக்கி இருந்து, வெளியே ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும்.

படலத்தை எல்லாப் பக்கமும் சீராக இழுத்தால் இந்தப் புலம் தோன்றாது. திரிபு இடத்துக்கு இடம் மாற வேண்டும், அதுவும் கிராஃபீனின் மும்மடிச் சமச்சீருக்கு (மூன்றில் ஒரு சுற்று திருப்பினாலும் மாறாத அமைப்புக்கு) ஒத்த வடிவில். பெர்க்லியில் அந்த வடிவம் தானாக அமைந்தது. விரும்பிய இடத்தில், விரும்பிய அளவில் அதை வரவழைப்பதுதான் இத்துறையின் கடினமான வேலை.