ஒரே ஒரு ரன்னுக்கு ஏன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. டெஸ்ட் கிரிக்கெட் பார்த்தால் தூக்கம்தான் வரும் என்கிறான் ஒருவன். 90 நிமிடம் ஓடியும் ஒரு கோல்கூட விழாத கால்பந்தில் அப்படி என்ன இருக்கிறது என்கிறான் இன்னொருவன். எது விறுவிறுப்பான ஆட்டம், எது சலிப்பூட்டுவது என்று அறிவியல் ஏதாவது சொல்கிறதா?" சொல்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

முதலில் இரண்டு ஆட்டங்கள். 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக ஜெர்மனி 29 நிமிடத்துக்குள் ஐந்து கோல் போட்டது. கடைசியில் 7-1. கோல் மழைதான். ஆனால் அந்த ஐந்தாவது கோலுக்குப் பிறகு யாருக்கு நெஞ்சு படபடத்திருக்கும்? அடுத்தது, 2019 ஹெடிங்லி டெஸ்ட். ஆஸ்திரேலியாவை ஜெயிக்க இங்கிலாந்துக்கு இன்னும் 73 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். பென் ஸ்டோக்ஸுக்குத் துணையாகக் கடைசி ஆளாக வந்த ஜேக் லீச் 17 பந்துகளைச் சந்தித்து எடுத்தது ஒரே ஒரு ரன். அவர் ஒவ்வொரு பந்தையும் தடுத்து நிறுத்தும்போது மைதானமே ஆர்ப்பரித்தது. ரன்னும் வராத, விக்கெட்டும் விழாத பந்துகள் அவை!

ஆட்டம் பார்க்கிறவர் மனதில் ஒரு தராசு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் அணி ஜெயிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று அதன் முள் காட்டுகிறது. 50 என்றால் சமபலம். 100 என்றால் வெற்றி, 0 என்றால் தோல்வி. ஜெஃப்ரி எலி, அலெக்சாண்டர் ஃபிராங்கல், எமிர் கமெனிட்சா என்ற மூன்று பொருளியலாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு உணர்ச்சிகளைப் பிரித்துக் காட்டினார்கள். முள் இப்போது எவ்வளவு நகர்ந்தது என்பது வியப்பு. அடுத்த கணத்தில் எவ்வளவு நகரக்கூடும் என்பது பதைபதைப்பு. பிரேசில் ஆட்டத்தின் முதல் அரை மணி நேரம் முழுக்க வியப்பு. லீச் தடுத்த பந்துகளில் முள் பெரிதாக நகரவில்லை. ஆனால் ஒவ்வொரு பந்திலும் அது ஒரேயடியாக 0-க்கு விழுந்திருக்கலாம்.

சரி, இப்போது நான் சொல்ல ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன். முள் எவ்வளவு ஆடும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு முறை முள் நகரும்போதும் அந்த நகர்வை எடுத்து வர்க்கப்படுத்துங்கள். ஆட்டம் முடியும்வரை எல்லாவற்றையும் கூட்டுங்கள். 50-இல் தொடங்கி, டிரா ஆகாமல் வெற்றி தோல்வியில் முடியும் எந்த ஆட்டமானாலும், முள் வாய்ப்பைச் சரியாகக் காட்டினால், கூட்டுத்தொகையின் சராசரி 2500-தான். கூடாது, குறையாது.

நம்பிக்கை வரவில்லையா? நாணயம் சுண்டிப் பாருங்கள். முள் 50-இலிருந்து நேராக 100-க்கோ 0-க்கோ தாவும். 50-இன் வர்க்கம் 2500. இப்போது அதையே இரண்டு படியாக்குவோம். முதல் படியில் 75-க்கோ 25-க்கோ போகிறது: 25-இன் வர்க்கம் 625. முள் 75-இல் நின்றால், அடுத்த படியில் நான்கில் மூன்று முறை 100-க்குப் போகும் (மறுபடியும் 625), ஒரு முறை 0-க்கு விழும் (75-இன் வர்க்கம் 5625). இவற்றின் சராசரி 1875. முதல் படியின் 625-ஐச் சேர்த்தால் அதே 2500! இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதாவது, சமபல அணிகள் மோதும் எல்லா ஆட்டமும் ஒரே அளவு பணப்பையோடுதான் தொடங்குகிறது. டிராவைக் கணக்கில் எடுக்காவிட்டால், டெஸ்ட் கிரிக்கெட்டோ, கபடியோ, செஸ்ஸோ, பையில் இருப்பது 2500. அதை எப்படிச் செலவழிக்கிறது என்பதில்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபாடு. நாணயம் ஒரே நொடியில் மொத்தத்தையும் கொட்டிவிடும். அதனால்தான் 50-50 என்றாலும் அதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. கூடைப்பந்தில் ஒவ்வொரு கூடையும் சில்லறைக் காசு. ஸ்கோர் நெருங்கி நின்றால், மிச்சப் பை முழுவதும் கடைசி இரண்டு நிமிடத்தில் கரைகிறது. டெஸ்ட் ஐந்து நாளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது.

பலம் சமமில்லை என்றால்? 90-க்கு 10 என்று தொடங்கும் ஆட்டத்தின் பை வெறும் 900. எந்த விளையாட்டானாலும் அது சப்பென்றுதான் இருக்கும். இங்கேதான் கால்பந்தின் மாயம். ஒரு பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 4 வரை விழுந்தால் பலசாலி அணிக்குப் புள்ளி. 5, 6 விழுந்தால் எளிய அணிக்கு. மூன்றே முறை உருட்டினால், எளிய அணி ஜெயிக்க 27-இல் 7 வாய்ப்பு, ஏறக்குறைய நான்கில் ஒன்று. 99 முறை உருட்டினால் ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூடக் கிடையாது. 2022 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் விழுந்தவை 172 கோல்கள். ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை! கோல் குறைவாக விழுவதால்தான் சின்ன அணியும் பெரிய அணியைக் கவிழ்க்க முடிகிறது. எலி பென்-நைம் என்ற இயற்பியலாளரும் அவருடைய சகாக்களும் ஐந்து பெரிய லீக்குகளின் மூன்று லட்சம் ஆட்டங்களை அலசியபோது, எளிய அணி பலசாலியை அதிகமாகக் கவிழ்த்தது கால்பந்தில்தான். கோல் விழாததைக் குறை என்கிற நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த முள் இருப்பது மைதானத்தில் இல்லை, பார்ப்பவர் தலைக்குள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டம் ஆடினார்கள். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் டிங் தன் யானையை ஒரு தவறான கட்டத்தில் வைத்தார். செஸ் தெரிந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். தெரியாதவர்களுக்கு அது ஒரு காய் நகர்ந்த காட்சி மட்டுமே. 'போர் அடிக்கிறது' என்று நாம் சொல்லும் பல ஆட்டங்களில் முள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் படிக்கத்தான் நமக்குத் தெரிவதில்லை. பேஸ்பால் எனக்கு அப்படித்தான் இருந்தது. நல்ல வீச்சு எத்தனை, தவறான வீச்சு எத்தனை என்று பந்துவீச்சாளருக்கும் மட்டையாளருக்கும் நடுவே ஓடும் எண்ணிக்கையைப் படிக்கப் பழகிய பிறகு, வீசாத நேரத்தில்கூடக் கண்ணை எடுக்க முடியவில்லை.

மூளைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரங்குகளுக்கு ஒரு படத்தைக் காட்டி, அப்புறம் பழச்சாறு கொடுப்பார்கள் அல்லது கொடுக்காமல் விடுவார்கள். 2003-இல் வெளியான இந்தச் சோதனையில், காத்திருக்கும் நேரத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்களின் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போனது. சாறு நிச்சயம் என்றபோது அந்த ஏற்றம் இல்லை. 50-50 என்றபோது உச்சம். இதைச் செய்த குழுவில் இருந்த வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், ஆரம்பத்தில் டோபமைன் செல்களில் தேடியது உடல் அசைவுக்கான காரணத்தை. கிடைத்தது வேறு. 'இதனால் உடனடி லாபம் என்ன' என்று கேட்டே ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அவருடைய சோதனைகளுக்கு அப்படி ஒரு பதிலை யாரும் முன்கூட்டியே எழுதியிருக்க முடியாது.

இதே நிச்சயமின்மைதான் "நான் எழுந்து போனால் விக்கெட் விழும்" என்று நம்மை நாற்காலியோடு கட்டிப்போடுகிறது. பப்புவா நியூ கினியை ஒட்டிய டுரோப்ரியாண்டு தீவு மீனவர்களைப் பற்றி மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி எழுதியிருக்கிறார்: பாதுகாப்பான காயலில் மீன் பிடிக்கையில் அவர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை, ஆபத்தான திறந்த கடலுக்குப் போகும்போதுதான் சடங்கெல்லாம். நாற்காலிக்கும் விக்கெட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தைரியமாக எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆட்டத்தைப் பதிவு செய்து பார்க்கும்போது, ஸ்கோரை யாரும் சொல்லாவிட்டாலும் ரகசியம் கசிந்துவிடும். ஐந்து செட் டென்னிஸில் நான்காவது செட் முடியும் தறுவாயில் இருக்கிறது, ஒருவர் இரண்டு செட் எடுத்து, இன்னொன்று எடுத்தால் வெற்றி என்று முன்னால் நிற்கிறார். திரையின் அடியில் நேரக்கோடு இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி என்று காட்டுகிறது. இந்த செட்டோடு ஆட்டம் முடியாது என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது, முள் நின்றுபோகிறது. நான் அந்தக் கோட்டின்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி வைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன்.