‘ஆறே வாரத்தில் முடியும்’ என்றால், எது முடியும்?

ஏற்றுமதியாளர் ஒருவரின் ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுத்த கையோடு இதை எழுதுகிறேன். கரூர்ப் பக்கம் திரைச்சீலையும் மேசை விரிப்பும் நெய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர். செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டு, 2023 டிசம்பரில் பெரிய கப்பல் நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கிய நேரம். அப்போது, கப்பல் கட்டணத்தை விற்பவரே ஏற்கும் சி.ஐ.எஃப். முறையில், பழைய கட்டணத்தையே வைத்துப் பல மாதங்களுக்கு விலை கொடுத்திருக்கிறார். காரணம் கேட்டால், “ஒரு மாதத்தில் அடங்கிவிடும் என்று தொலைக்காட்சியில் அவ்வளவு உறுதியாகச் சொன்னார்களே சார்” என்கிறார். உழைத்துச் சம்பாதித்த லாபம் முழுவதும் கப்பல் கட்டணமாகப் போய்விட்டது.

இவர் ஒருவர் மட்டும் என்றால் நேரில் சொல்லி அனுப்பியிருப்பேன். போர் இழுக்கும் என்று கடன் வாங்கித் தங்கம் வாங்கியவர், போர் முடிந்துவிடும் என்று வளைகுடா வேலையை நம்பி வீட்டுக் கடன் எடுத்தவர், எண்ணெய் விலை சரியும் என்று லாரிகளுக்கு ஓராண்டு வாடகை ஒப்பந்தம் போட்டவர் என்று ஒவ்வொரு போருக்கும் ஒரு வரிசை வருகிறது. எல்லோருக்கும் ஆதாரம் ஒன்றுதான்: யாரோ ஒருவர் நாளையும் தொகையையும் தயக்கமில்லாமல் சொன்னார்.

நான் இவர்களுக்கு எடுத்துக்காட்டுவது 2003ஆம் ஆண்டின் இராக் போரை. யார், எந்த நாளில், என்ன சொன்னார் என்பதும் பதிவில் இருக்கிறது. பின்னால் என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. எந்தப் போருக்கும் இவ்வளவு தெளிவான மதிப்பீடும் இவ்வளவு தெளிவான உண்மைச் செலவும் பக்கத்துப் பக்கமாகக் கிடைப்பது அரிது.

2003 பிப்ரவரி 7ஆம் தேதி, இத்தாலியில் உள்ள அவியானோ விமானத் தளத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் வீரர்களிடம் பேசினார். போர் ஆறு நாள் நடக்கலாம், ஆறு வாரம் நடக்கலாம், ஆறு மாதம் ஆகுமென்று தோன்றவில்லை என்றார். மார்ச் 16ஆம் தேதி துணை அதிபர் டிக் செனி, மாதக் கணக்கு ஆகாது, வாரக் கணக்கில் முடியும் என்றார். மார்ச் 20ஆம் தேதி படையெடுப்பு தொடங்கியது. ஏப்ரல் 9ஆம் தேதி பாக்தாத் வீழ்ந்தது. மே 1ஆம் தேதி அதிபர் புஷ் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் நின்று, பெரிய அளவிலான சண்டை முடிந்துவிட்டதாக அறிவித்தார்.

கவனியுங்கள். தலைநகரைப் பிடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் தவறவில்லை. மூன்றே வாரத்தில் பிடித்துவிட்டார்கள். ஆனால் அமெரிக்கப் படை இராக்கை விட்டு வெளியேறியது 2011 டிசம்பரில். 2014 ஜூனில் மோசூல் நகரம் ஐ.எஸ். அமைப்பின் கைக்குப் போக, அமெரிக்கப் படை மறுபடியும் அங்கே போனது. கணிப்பு எந்த இடத்தில் முடிகிறதோ, மக்கள் அதற்கும் அப்பால் அதை நம்பிவிடுகிறார்கள். ‘போர் முடியும்’ என்று காதில் விழும்போது, எது முடியும் என்று கேட்பவர்களே இல்லை.

செலவிலும் இதே கதை. 2002 செப்டம்பரில் வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்றார். அது மிக மிக அதிகம் என்று நிதிநிலை அலுவலகத்தின் இயக்குநர் மிட்ச் டேனியல்ஸ் மறுத்தார். டிசம்பரில் லிண்ட்சே பதவியில் இல்லை. அந்த மாத இறுதியில் டேனியல்ஸ் தந்த தொகை 5,000 கோடி முதல் 6,000 கோடி டாலர். 1991 வளைகுடாப் போருக்கு ஆன செலவும் ஏறத்தாழ 6,100 கோடிதான். தணிக்கை செய்கிறவர்களுக்கு இந்த வகை எண் நன்றாகப் பழக்கம்: போன முறை ஆன தொகையை எடுத்து இந்த முறைக்கு எழுதுவது. போன முறை செய்த வேலையும் இந்த முறை செய்யப்போகும் வேலையும் ஒன்றுதானா என்று பார்ப்பதில்லை. 1991இல் குவைத்தை மீட்டுவிட்டுத் திரும்பினார்கள். யாரும் பாக்தாத்தில் உட்கார்ந்து ஆட்சி நடத்தவில்லை. அந்தச் செலவில் பெரும்பகுதியைச் சவூதி அரேபியா, குவைத், ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகள் ஏற்றுக்கொண்டன. 2003இல் அப்படிப் பணம் தர யாரும் வரிசையில் நிற்கவில்லை.

பிறகு வந்தவை: 2003 மார்ச்சிலேயே நாடாளுமன்றத்திடம் 7,470 கோடி டாலர் கேட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், ஆப்கானிஸ்தானையும் சேர்த்து, மேலும் 8,700 கோடி. மறுகட்டமைப்பில் அமெரிக்காவின் பங்கு 170 கோடி டாலரோடு நிற்கும் என்று அந்நாட்டு உதவி அமைப்பின் தலைவர் ஏப்ரலில் தொலைக்காட்சியில் சொன்னார். அது ஏறத்தாழ 6,000 கோடியில் போய் நின்றது. நாடாளுமன்ற ஆய்வு அமைப்பு 2014இல் கூட்டிப் பார்த்தபோது, இராக் போருக்காக ஒதுக்கிய தொகை சுமார் 81,500 கோடி டாலர். துரத்தப்பட்டவர் என்று பெயரெடுத்த லிண்ட்சேயின் மேல்வரம்பைப் போல நான்கு மடங்கு.

இந்த இடத்தில் எல்லோரும் என்னிடம் சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைக் கேட்டால் எனக்குப் பொறுமை போய்விடும். “போர் என்றால் யாராலும் சொல்ல முடியாது சார்.”

சொன்னார்கள். 2002 டிசம்பரில், படையெடுப்புக்கு முன்பே, யேல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹவுஸ் கணக்குப் போட்டு வெளியிட்டார். எல்லாம் சுமுகமாக நடந்தால் சுமார் 9,900 கோடி டாலர். இழுத்துக்கொண்டு போனால், பத்தாண்டுகளில் 1.9 லட்சம் கோடி டாலர் வரை. சண்டைச் செலவோடு நிற்காமல், ஆக்கிரமித்து உட்காரும் செலவு, மறுகட்டமைப்பு, எண்ணெய்ச் சந்தையின் பாதிப்பு, பொருளாதாரத் தேக்கம் எல்லாவற்றையும் சேர்த்திருந்தார். 2003 பிப்ரவரியில் தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி, போருக்குப் பின் நாட்டைப் பிடித்துவைக்கவே பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் பாதுகாப்புத் துணை அமைச்சர் பால் உல்ஃபோவிட்ஸ் அதைக் கொஞ்சமும் பொருந்தாத எண் என்று தள்ளினார்.

நார்ட்ஹவுஸின் கணக்கைக் காட்டினால் என்னிடம் கணக்குப் பார்க்க வருகிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. 9,900 கோடி எங்கே, 1.9 லட்சம் கோடி எங்கே, இருபது மடங்கு வித்தியாசம் உள்ள கணக்கு ஒரு கணக்கா என்கிறார்கள். ஒற்றை எண் சொல்பவர் விவரம் தெரிந்தவர், வரம்பு சொல்பவர் விவரம் தெரியாதவர் என்பது நம் ஊறிப்போன எண்ணம். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். அந்த இருபது மடங்கு இடைவெளிதான் அந்த ஆய்வின் கண்டுபிடிப்பு. நிலைமை கைமீறினால் செலவு எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அது சொல்கிறது. ஒற்றை எண் எப்படிக் கிடைக்கிறது? கணக்குப் போட முடியாத செலவு இனங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தால் கடைசியில் ஒற்றை எண் கிடைத்துவிடும். வெளியே எடுத்துவைத்த இனங்கள் ஒழிந்துபோகவில்லை. மறு ஆண்டு, கூடுதல் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கையில் திரும்பி வருகின்றன. என்னிடம் ஒருவர் குறுகிய எண்ணைக் கொண்டுவந்தால், நான் முதலில் பார்ப்பது அதில் என்ன இல்லை என்பதைத்தான்.

எண்ணெய்ப் பணத்தைப் பாருங்கள். 2003 மார்ச் 27ஆம் தேதி அதே உல்ஃபோவிட்ஸ், இராக் தன் மறுகட்டமைப்புச் செலவைத் தானே, சீக்கிரமே, ஏற்கக்கூடிய நாடு என்றார். அந்த எண்ணெய் வருவாயின் மேல் ஏற்கெனவே ஒரு பற்று இருந்தது: 1990இல் குவைத்தை ஆக்கிரமித்ததற்கான இழப்பீடு. ஐ.நா. இழப்பீட்டு ஆணையத்தின் வழியாக இராக் கட்டிய தொகை 5,240 கோடி டாலர். கடைசித் தவணை முடிந்தது 2022 ஜனவரியில். தரைப்போர் 100 மணி நேரத்தில் முடிந்த போர் அது. குவைத்திலிருந்து கையில் ஒரு பையோடு திரும்பிய நம் ஊர்க்காரர்களுக்கு அந்த நூறு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

சண்டை நின்றபின் வளரும் செலவுகளில் பெரியது காயமடைந்த வீரர்களின் சிகிச்சையும் ஓய்வூதியமும். எங்கள் தொழிலில் இதைப் பொறுப்பு என்போம்: இன்று பணம் போகவில்லை, ஆனால் கொடுத்தே தீர வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதில் பங்கேற்ற ஒருவரின் மகளுக்கு, 2020இல் அவர் இறக்கும்வரை, மாதம் 73.13 டாலர் ஓய்வூதியம் போய்க்கொண்டிருந்தது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களின் முன்னாள் வீரர்களுக்கு 2050 வரை 2.2 முதல் 2.5 லட்சம் கோடி டாலர் ஆகும் என்று ஹார்வர்டின் லிண்டா பில்ம்ஸ் 2021இல் கணக்கிட்டார். போருக்குக் கடன் வாங்கியதற்கான வட்டி தனி.

அமெரிக்க வீரர்கள் சுமார் 4,500 பேர் இறந்தார்கள். இராக்கின் பொதுமக்களில் பதிவானவர்கள் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேல். 2002இல் அதிகாரிகள் மேடையில் சொன்ன எந்தத் தொகையிலும் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. இது என் மனத்தை அறுக்கிறது. செலவு குறைவு என்று தெரிந்தால் ஒரு நாடு போருக்குச் சம்மதிப்பது எளிதாகிறது. அந்தக் குறைவு, யாருடைய உயிரைக் கணக்கில் விட்டதால் வந்தது என்று கேட்க வேண்டிய நேரம் சம்மதிப்பதற்கு முன்னால்தான்.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914இலும் பலர் சில மாதங்களில் முடியும் என்றே நினைத்தார்கள். குறைந்தது மூன்றாண்டு என்று சொன்ன பிரிட்டனின் போர் அமைச்சர் கிச்சனர் போன்றோர் சிலரே. 2022 பிப்ரவரியில் உக்ரைனின் தலைநகர் கீவ் சில நாளில் வீழ்ந்துவிடும் என்றார்கள். விரிக்கவில்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

போர் பற்றிய கணிப்பை வைத்து விலைப்புள்ளி கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதன் செல்லுபடிக் காலத்தைக் குறைத்துப் போடுங்கள். கப்பல் கட்டணம் ஏறினால் கூடுதலை வாங்குபவர் ஏற்பார் என்று எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால், கப்பல் கட்டணத்தை வாங்குபவரே ஏற்கும் எஃப்.ஓ.பி. முறைக்கு மாறுங்கள். சாதாரணக் கடல் காப்பீட்டில் போர் ஆபத்து அடங்காது, தனியாக எடுக்க வேண்டும். எடுத்ததும் சரக்கு கப்பலில் இருக்கும்வரைதான் பெரும்பாலும் பொருந்தும், துறைமுகக் கிடங்கில் கிடக்கும்போது பொருந்தாது. பாலிசியைப் படித்துப் பாருங்கள். முகவர் வாயால் சொன்னது போதாது.

கடன் வாங்கித் தங்கமோ பங்கோ வாங்காதீர்கள். போர் நீண்டாலும் சரி, நின்றாலும் சரி, வட்டி நிற்காது.

செய்தியில் ஒருவர் நாள் குறித்தால், அவர் பெயரையும் சொன்ன தேதியையும் நாட்குறிப்பில் எழுதுங்கள். பக்கத்தில் மூன்று கேள்வி: எது முடியும் என்கிறார்? எந்தச் செலவைச் சேர்க்கவில்லை? தவறினால் இழப்பு அவருக்கா, எனக்கா? ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு வருடம் இதைச் செய்தவர் மறுபடி என் அலுவலகத்துக்கு அந்த முகத்தோடு வரமாட்டார்.

வளைகுடாவில் மகனோ கணவரோ இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அங்கிருந்து வரும் பணம் ஓராண்டு முழுக்க நின்றாலும் கட்டக்கூடிய தவணைக்குத்தான் கையெழுத்துப் போடுங்கள். வங்கி அதிகம் தருகிறது என்பதற்காக அதிகம் எடுக்காதீர்கள்.