சர்டிஃபிகேட் செயின்: சரிபார்ப்பா, செல்லுபடியா?

நிரல் ஒரு சர்வரோடு பேச மறுக்கிறது. பாதுகாப்பான இணைப்புக்கான நிரல் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல், பிழை எண் 20 என்று காட்டுகிறது. அதாவது, சர்வரின் அடையாளச் சான்றிதழை வழங்கியவரின் சான்றிதழ் கைக்கு எட்டவில்லை. அதே முகவரி பிரவுசரில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திறக்கிறது. பல நேரம் காரணம் இதுதான்: சர்வர் தன் சான்றிதழை மட்டும் நீட்டிவிட்டு, அதற்குக் கையொப்பமிட்ட அமைப்பின் இடைச் சான்றிதழை விட்டுவிட்டது. பிரவுசர் விடுபட்டதைத் தானே தேடிக்கொள்ளும். நிரல் நூலகங்கள் பெரும்பாலும் அவ்வளவு மெனக்கெடாது. சர்வரின் சான்றிதழில் தொடங்கி, ஒன்றுக்கு மேலுள்ளது கையொப்பமிட, நாம் முன்பே நம்பும் வேர்ச் சான்றிதழ் வரை ஏறும் வரிசைதான் செயின். அது அறுபட்டால் ‘செயின் முழுசா இல்லை’ என்பார்கள்.

இந்தச் சொற்களுக்குத் தமிழில் எது பொருந்தும் என்று பார்ப்போம். சர்டிஃபிகேட் லத்தீன் வழி வந்த சொல். உறுதியாக்குவது என்று பொருள். பொதுத் திறவியையும் (கையொப்பத்தைச் சோதிக்க எல்லோருக்கும் தரும் பப்ளிக் கீ) அதன் உரிமையாளர் பெயரையும் கட்டிப்போட்டுக் கையொப்பமிட்ட ஆவணத்துக்கு இந்தப் பெயரை 1978-இல் எம்ஐடி மாணவர் லோரன் கோன்ஃபெல்டர் தன் இளங்கலை ஆய்வேட்டில் சூட்டினார். 1988-இல் சான்றிதழின் வடிவத்தை வரையறுக்கும் எக்ஸ்.509 தரம் வந்தது. தமிழில் ‘சான்றிதழ்’ நன்றாகவே ஊன்றிவிட்டது. சால் என்ற வேரிலிருந்து வந்தது சான்று. சான்றோரும் அதே வேர்தான். ‘இந்திரனே சாலுங் கரி’ என்ற குறளில் சால் இருக்கிறது. சாட்சியைக் குறிக்கும் பழஞ்சொல்லான கரியும் பக்கத்திலேயே நிற்கிறது.

செயினுக்குச் சங்கிலி என்பார்கள். அது வடமொழிச் சிருங்கலாவின் வழி வந்தது. தவறில்லை, ஆனால் தொடர் என்ற சொல்லே நம்மிடம் சங்கிலிதான். புறநானூற்று 74-ஆம் பாடலில் ‘தொடர்ப்படு ஞமலி’ என்றால் சங்கிலியில் கட்டிய நாய். ஒன்றையடுத்து ஒன்று வருவதும் தொடர்தான். சான்றிதழ்த் தொடர் என்றால் இரண்டு பொருளும் கிடைக்கும்.

ஆனால் 2008-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5280 இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பாதை’. வீம்புக்கு அல்ல. ஒரே இடைநிலை அமைப்புக்கு இரண்டு வேர் அமைப்புகள் கையொப்பமிட்டிருக்கலாம். அப்போது மேலே ஏற இரண்டு வழி. 2020 மே 30 அன்று ஆட்டிரஸ்ட் என்ற பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. புதிய வேருக்குப் போகும் வழி திறந்தே இருந்தும், பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்புகள் காலாவதியான வழியிலேயே போய் முட்டி நின்றன. சங்கிலி என்று நினைத்தால் இந்தக் கோளாறு புரியாது. அதனால் வழி தேடுவதைப் பற்றிப் பேசும்போது மட்டும் நான் பாதை என்று எழுதுவேன்.

இனி வாலிடேஷன், அதாவது சான்றிதழை ஏற்கலாமா என்று பார்ப்பது. இதைத்தான் நாம் அதிகம் குழப்புகிறோம். எல்லாவற்றையும் ‘சரிபார்ப்பு’ என்று எழுதிவிடுகிறோம். கையொப்பம் மெய்யா என்று கணக்கிட்டுப் பார்ப்பது சரிபார்ப்பு. அது ஒரு படிதான். தேதி கடந்துவிட்டதா, ரத்தானதா, மேலே இருப்பவருக்குப் பிறருக்குச் சான்றிதழ் வழங்கும் உரிமை உண்டா, கடைசியில் நாம் நம்பும் வேரில் போய் முடிகிறதா என்று அத்தனையும் பார்க்க வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அந்த உரிமையைப் பார்க்காமல் விடுகிறது என்று 2002-இல் பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் காட்டினார். தன் தளத்துக்கு ஒரு சான்றிதழ் வைத்திருந்த எவரும் வேறு எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் எழுதிக்கொள்ள முடிந்தது. கையொப்பங்கள் எல்லாம் சரி. தொடர் மட்டும் செல்லாது.

வாலிடேஷனின் லத்தீன் வேர் வலிமையைக் குறிப்பது. நம்மிடம் அதற்குச் ‘செல்லும்’ என்ற சொல் இருக்கிறது. செல்லாக்காசு என்கிறோமே, அந்தச் செல்லுதல். காசில் முத்திரை உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் செல்லாமல் போகலாம். ஆகவே முழுச் சோதனைக்குச் ‘செல்லுபடிச் சோதனை’ என்பதே என் தேர்வு.

வேர்ச் சான்றிதழ் தனக்குத் தானே கையொப்பமிட்டது என்பதால் அங்கே கையொப்பம் எதையும் நிரூபிப்பதில்லை. நம் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் முன்கூட்டியே இருப்பதுதான் அதன் தகுதி.

பிழைச் செய்தியைத் தமிழாக்கும்போது ‘சான்றிதழ் சரிபார்ப்பு தோல்வி’ என்று எழுதினால் சோதனைதான் பழுது என்று படும். உடனே நிரலாளர் அந்தச் சோதனையையே அணைத்து வைக்கிறார். சோதனை ஒழுங்காகத்தான் நடந்தது. ‘இந்தச் சான்றிதழ் செல்லாது’ என்று போட்டு, எந்தப் படியில் என்பதையும் சேர்த்தால் சரி.